கழிவு, சிதைவு, நுகர்வு: இலத்தீன் வேர்ச்சொற்களும் தமிழ் நிகரன்களும்

ஆய்வுச் சுருக்கம்

சூழலியல், பொருளியல், மருத்துவம், நில நிருவாகம் ஆகிய துறைகளில் இன்று வழங்கும் கழிவு, சிதைவு, நுகர்வு என்னும் கலைச்சொற்கள் இலத்தீன் மூலமுடைய ஆங்கிலச் சொற்களுக்கு நிகராக நிறுத்தப்பட்டவை. இலத்தீன் வேர்கள் தாங்கும் கருத்துப் படிமமும் தமிழ் வேர்கள் தாங்கும் கருத்துப் படிமமும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் முறை, மூலச்சொல்லின் பல பொருள்களுக்கு இடையிலான உறவை மறைப்பதோடு தமிழ்ச்சொல்லின் பழைய பொருளையும் மறக்கச் செய்கிறது. இது நிலத்தை மதிப்பிடுவதிலும் நோயை அறிவதிலும் விளைவுகளை உண்டாக்குகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கழிவு, பாழ், தரிசு, ஊழல், நுகர்வு, எலும்புருக்கி, கலைச்சொல்லாக்கம், இலத்தீன்.

முன்னுரை

தமிழும் இலத்தீனும் ஆங்கிலத்தின் வழியாக மட்டும் சந்தித்த மொழிகள் அல்ல. வீரமாமுனிவர் (1680–1747) கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணம் இலத்தீன் மொழியில் அமைந்தது. அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. செந்தமிழுக்கும் அவர் இலத்தீனிலேயே இலக்கணம் எழுதினார். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில் 1846இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி ஒன்று வெளிவந்தது. இருமொழிச் சொற்களையும் நேருக்கு நேர் வைத்து எடைபோடும் மரபு இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

பின்வந்த காலத்தில் இலத்தீன் வேர்ச்சொற்கள் ஆங்கில வடிவில் சட்டத்திலும் அறிவியலிலும் புகுந்தன. 'வேஸ்ட்', 'டிகே', 'கன்சம்ப்ஷன்' என்னும் மூன்றும் அவ்வாறு வந்தவை. அவற்றுக்குக் கழிவு, சிதைவு, நுகர்வு என்பன நிகரன்களாக நிலைபெற்றன. இந்நிகரன்கள் பிழையானவை அல்ல. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் தன் வேரில் ஒரு காட்சியைச் சுமந்து வருகிறது. மூலச்சொல் காட்டும் காட்சியும் நிகரன் காட்டும் காட்சியும் வேறுபடும்போது எது கைவிடப்படுகிறது என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவை வேர்ப்பொருள், நிலம், சிதைவு, நுகர்வு, நோய் என்னும் ஐந்து பகுதிகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இலத்தீன் வேர்கள் காட்டும் காட்சிகள்

'வேஸ்ட்' என்பதன் மூலம் 'வாஸ்டுஸ்' என்னும் இலத்தீன் பெயரடை. வெறுமையான, ஆளரவமற்ற, பாழடைந்த என்பன அதன் பொருள்கள். அளவிறந்து பரந்த என்னும் பொருளும் அதற்கு உண்டு. அதிலிருந்து பிறந்த 'வாஸ்டாரே' என்னும் வினை, படையெடுத்து ஒரு நாட்டைப் பாழாக்குவதைக் குறித்தது. ஆகவே இச்சொல்லின் அடியில் இருப்பது குப்பை அன்று. மனிதர் இல்லாத வெற்றிடம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் வந்த பின்னரே வீணாக்குதல், எஞ்சிய பயனற்ற பொருள் என்னும் பொருள்கள் மேலோங்கின.

'டிகே' என்பது கீழ்நோக்கிய இயக்கத்தை உணர்த்தும் 'தே' என்னும் முன்னொட்டும் விழுதலைக் குறிக்கும் 'காதெரே' என்னும் வினையும் சேர்ந்து உருவானது. இங்குச் சிதைவு என்பது ஒரு வீழ்ச்சி. பிணத்தைக் குறிக்கும் 'கதாவெர்' என்னும் இலத்தீன் சொல்லையும் இவ்வினையோடு தொடர்புபடுத்துவது வழக்கம்.

'கன்சம்ப்ஷன்' என்பதன் மூலவினை 'கொன்சூமெரே'. எடுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய 'சூமெரே' என்பதோடு முழுமையை உணர்த்தும் முன்னொட்டு சேர்ந்தது. ஒன்றும் மிஞ்சாமல் எடுத்துத் தீர்த்தல் என்பது அதன் பொருள். உணவை உண்பது, பணத்தைச் செலவழிப்பது, காலத்தைப் போக்குவது, நெருப்பு ஒரு பொருளை எரித்தழிப்பது, நோய் உடலைத் தின்பது ஆகிய அனைத்திற்கும் இவ்வொரு வினை பயன்பட்டது. 'சூமெரே' என்பதன் உள்ளே 'எமெரே' என்னும் வினை உள்ளது. அது தொடக்கத்தில் எடுத்தலையும் பின்னர் விலைக்கு வாங்குதலையும் குறித்தது.

இம்மூன்றையும் தொகுத்து நோக்கினால் வெற்றிடம், வீழ்ச்சி, தீர்த்தல் என்னும் மூன்று காட்சிகள் கிடைக்கின்றன. கழிவு, சிதைவு, நுகர்வு என்னும் தமிழ்ச் சொற்களில் இவற்றுள் எதுவும் நேராக அமையவில்லை.

2. கழிவும் பாழும்: நிலம் சார்ந்த விளைவு

'கழி' என்னும் வினையின் அடிப்படைப் பொருள் கடந்துபோதல். நாள் கழிகிறது, ஐந்தில் இரண்டைக் கழிக்கிறோம், பழையன கழிகின்றன. இலங்கைத் தமிழில் விலைத் தள்ளுபடிக்குக் கழிவு என்றே பெயர். மிகுதி என்பது இச்சொல்லின் மற்றொரு பொருள். நன்னூல் மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களுள் 'கழி' என்பதையும் வைக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் அளவறியாது மிகுதியாக உண்பவனிடம் நோய் நிலைத்து நிற்கும் என்று கூறும் 946ஆம் குறளில் இச்சொல் அம்மிகுதிப் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. எனவே தமிழில் கழிவு என்பது அளவைக் கடந்தது, தேவையைத் தாண்டி வெளிச்சென்றது எனப் பொருள்படும். இலத்தீனில் இன்மையைச் சுட்டும் மூலம் தமிழில் மிகுதியைச் சுட்டும் வேரால் நிகர்செய்யப்பட்டுள்ளது.

'வாஸ்டுஸ்' என்பதற்கு உண்மையான தமிழ் நிகரன் 'பாழ்'. பாழூர், பாழ்மனை, பாழ்நிலம் என்பவற்றில் ஆளில்லாத வெறுமையே முதன்மைப் பொருள். பாழ் என்பது சூனியத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல் வெற்றிடத்தையும் குப்பையையும் குறிக்க, தமிழ் அவற்றைப் பாழ் என்றும் கழிவு என்றும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இப்பிரிவினை ஏன் முக்கியமானது என்பதை நில ஆவணங்கள் காட்டுகின்றன. பயிரிடப்படாத நிலத்தை 'வேஸ்ட்' என அழைப்பது ஆங்கில உடைமைச் சிந்தனையின் இயல்பு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் தம் அரசியல் நூலில், உழவும் மேய்ச்சலும் நடவும் இன்றி இயற்கைக்கே விடப்பட்ட நிலத்தை அச்சொல்லாலேயே குறித்தார். சென்னை மாகாணத்து இரயத்துவாரி முறையில் இக்கருத்து வரிக்கணக்கோடு இணைந்தது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்னும் வகைப்பாடுகள் இன்றளவும் கிராமக் கணக்குகளில் தொடர்கின்றன. வரிவிதிப்புக்கு வெளியே பொதுப்பயனுக்கு ஒதுக்கப்பட்டவை புறம்போக்கு எனப்பட்டன. நிலம் இங்கே தன் இயல்பால் அன்றி, வரி தருமா தராதா என்பதால் பெயர்பெறுகிறது.

இதனைப் பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதியான திருவாமாத்தூரை வைத்து நோக்கலாம். மூவரும் பாடிய இத்தலத்தின் பெயரிலேயே 'ஆ' என்னும் சொல் உள்ளது. ஆநிரைகள் கொம்பு வேண்டி இறைவனை வழிபட்ட இடம் என்பது தலபுராண மரபு. ஆவும் ஆநிரையும் ஊர்ப்பெயராகும் அளவுக்கு வாழ்வோடு பிணைந்த ஒரு சமூகத்தில் மேய்ச்சல் வெளி வெற்றிடமாக இருந்திருக்க இயலாது. மேய்க்கால், மந்தைவெளி, களம், ஏரி உள்வாய், தோப்பு என ஒவ்வொரு பொதுநிலத்திற்கும் அதன் பயனைச் சொல்லும் பெயர் தமிழில் உண்டு. இப்பெயர்கள் மங்கித் தரிசு, புறம்போக்கு என்னும் பொதுப்பெயர்களே முன்னிற்கும்போது அந்நிலம் யாருக்கும் உரியதன்று என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றுகிறது. ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 சனவரியில் மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது இவ்வெண்ணத்தின் பரப்பை உணர்த்துகிறது.

இதே மாவட்டத்தின் கடலோரப் பகுதி மேலும் தெளிவான சான்றைத் தருகிறது. திண்டிவனத்திற்குக் கிழக்கே வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள கழுவெளி, பருவமழையின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் ஆழமற்ற நீர்நிலை. நாட்டின் தரிசுநிலங்களை விண்வெளிப் படங்களின் துணையால் வகைப்படுத்தும் அரசு நிலப்படத் தொகுதிகளில் நீர் தேங்கிய நிலமும் சதுப்புநிலமும் தரிசின் உட்பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன. அவ்வகைப்பாட்டின் கண்ணுக்கு இத்தகைய நிலம் பயனற்றது. வலசைப் பறவைகளுக்கு அது உணவிடம். கழுவெளி 2021 இறுதியில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அப்பகுதி மக்கள் கழுவெளி என்றே வழங்கினர். அச்சதுப்பு பயனற்ற வெளியெனக் கருதப்பட்டதால் அதன் ஒரு பகுதி மாநகரின் குப்பைக் கிடங்காயிற்று. 2022இல் அது இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 'வேஸ்ட்' என்னும் ஒரே சொல்லின் இரு பொருள்களும் அங்கே ஒரே இடத்தில் சந்தித்தன: வெற்றிடம் எனக் கருதப்பட்ட நிலம் கழிவுக்கு உரிய இடமாயிற்று. அந்நிலத்தைக் கழுவெளி என்னும் தனிப்பெயரால் அறிந்த மொழி, அதை வெற்றிடமாக அறியவில்லை.

3. சிதைவு, மக்குதல், ஊழல்

வீழ்ச்சி என்னும் ஒற்றைக் காட்சியில் இலத்தீன் அடக்கியதைத் தமிழ் பொருளுக்கேற்பப் பல வினைகளாக விரிக்கிறது. கட்டடம் சிதைகிறது, காய் அழுகுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, ஏட்டுச்சுவடி செல்லரிக்கிறது, இலைச்சருகு மக்குகிறது, ஆடை நைகிறது, கருவி தேய்கிறது. கணக்கியலில் சொத்தின் மதிப்புக் குறைவைத் 'தேய்மானம்' என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குரிய சொல் விலை என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்து விலை இறங்குவதைச் சுட்டுகிறது. தமிழ்ச்சொல்லோ பயன்பாட்டில் பொருள் உராய்ந்து குறைவதைச் சுட்டுகிறது. நகைக்கடை வழக்கிலுள்ள 'சேதாரம்' பொன் நகையாகும்போது ஏற்படும் இழப்புக்கு மட்டுமே உரிய தனிச்சொல்.

இவற்றுள் 'மக்குதல்' தனித்து நோக்கத்தக்கது. இச்சிதைவு இழப்பன்று, எருவாக்கம். சிற்றூர் வேளாண் வழக்கில் குப்பை என்பது எருவையும் குறிக்கும். குப்பை அடித்தல் என்றால் வயலுக்கு எரு இடுதல். குவியல் என்பது அச்சொல்லின் பழம்பொருள். நற்றிணை 331ஆம் பாடலில் மகளிர் ஏறிநின்று கரை திரும்பும் திமில்களை எண்ணுவது உப்புக் குவியலின் மீது. அங்கு அக்குவியலைக் குறிக்கும் சொல் குப்பை. மரக்காணத்து உப்பளங்களில் இன்றும் காணும் வெண்குவியல்களை அச்சொல்லால் அழைத்தால் அது இழிவாகத் தோன்றும். அந்த அளவுக்குச் சொல்லின் மதிப்பு இறங்கியுள்ளது. 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்னும் இன்றைய உள்ளாட்சி வழக்கு, பழம்பொருளின் ஒரு கூற்றையேனும் மீட்டுத் தந்துள்ளது.

'எச்சம்' என்னும் சொல்லும் இவ்வகையினது. பறவையின் கழிவு, ஒருவர் விட்டுச்செல்லும் மக்கட்பேறும் புகழும், முடிவுபெறாது மற்றொரு சொல்லைக் கொண்டு முடியும் பெயரெச்சமும் வினையெச்சமும் ஆகிய அனைத்திற்கும் அது பொது. எஞ்சியது தொடரும் என்பதே அச்சொல்லின் உட்கருத்து.

ஒரு சொல்லில் மட்டும் இலத்தீனும் தமிழும் வியக்கத்தக்க வகையில் ஒத்துச் செல்கின்றன. 'கொர்ரும்பெரே' என்னும் இலத்தீன் வினை உடைத்துக் கெடுத்தலைக் குறித்துப் பின் ஒழுக்கக்கேட்டைக் குறித்தது. தமிழில் 'ஊழல்' முதலில் அழுகிப்போனதையும் பின்னர்ப் பொதுவாழ்வின் முறைகேட்டையும் குறித்தது. ஆயினும் இங்கும் வேர் வேறுபடுகிறது. 'ஊழ்த்தல்' என்பது மலர்தல், முதிர்தல், அழுகுதல் என்னும் தொடர்நிலைகள் அனைத்தையும் தழுவும். 650ஆம் குறளில் மணமற்ற மலரைப் பேசுமிடத்தில் அது மலர்தலைக் குறிக்கிறது. இலத்தீனில் கேடு ஓர் உடைவு; தமிழில் அது முதிர்ச்சியின் மறுகோடி.

4. நுகர்வு: தீர்தல் என்னும் பொருள் நீங்கிய நிகரன்

பொருளியலில் 'கன்சம்ப்ஷன்' என்பதற்கு நுகர்வு என்பது இன்று உறுதியான நிகரன். 1986ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் சட்டமும் தமிழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்றே வழங்குகின்றன. நுகர்தல் என்பது புலன்வழி அனுபவித்தல். மணத்தை மோத்தல் அதன் சிறப்புப் பொருள். மலரை நுகர்ந்தால் மலர் தீர்வதில்லை. ஆனால் 'கொன்சூமெரே' என்பதில் தீர்த்தலே உயிர்ப்பொருள். எனவே 'நுகர்வுப் பண்பாடு' என்று எழுதும்போது ஆங்கிலத் தொடரிலுள்ள அழிவின் சாயல் தமிழ்த் தொடரில் விழுவதில்லை. இன்பத்தின் சாயலே விழுகிறது. வளம் தீர்கிறது என்பதை உணர்த்தக் கட்டுரையாசிரியர் தனியாக ஒரு வாக்கியம் எழுத வேண்டியுள்ளது.

ஆயினும் தமிழ்ச் சிந்தனையில் நுகர்தலும் தீர்தலும் இணைந்த இடம் ஒன்று உண்டு. சைவ சித்தாந்தத்தில் உடலோடு வந்து பொருந்திய பிராரத்த வினை நுகர்ந்தே கழியும். அது கழியும்போது புதிய வினை ஏறவும் கூடும். இங்கு ஊழ், நுகர்ச்சி, கழிவு என்னும் மூன்று சொற்களும் ஒரே தொடர் நிகழ்வின் மூன்று நிலைகள். முதிர்ந்து நின்றது நுகரப்படுகிறது, நுகரப்பட்டது கழிகிறது, நுகர்ச்சியிலேயே புதிய சுமை பிறக்கிறது. இன்றைய சூழலியல் உற்பத்தி, நுகர்வு, கழிவு எனத் தொடர்புபடுத்திச் சொல்ல முயல்வதன் அமைப்பு இதுவே. சமயக் கோட்பாட்டைச் சூழலியலாக மாற்ற வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நுகர்வையும் கழிவையும் பிரிக்க இயலாத இணையாகக் கண்ட சொல்லாட்சி தமிழில் முன்னரே வேரூன்றியுள்ளது என்பதும், கலைச்சொல்லாக்கம் அவற்றை இரு துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது அவ்விணை அறுந்தது என்பதும் கருதத்தக்கன.

துய்த்தல் என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. புறநானூறு 189ஆம் பாடலில் நக்கீரனார், செல்வத்தின் பயன் ஈதல் என்றும் தாமே துய்க்க முற்பட்டால் தவறிப்போவன பல என்றும் கூறுகிறார். துய்ப்பின் எல்லையை இழப்போடு சேர்த்துச் சிந்தித்த மரபு அது.

5. நோய்ப்பெயர்கள்: உருக்கமும் இருமலும்

'கன்சம்ப்ஷன்' என்பது ஆங்கிலத்தில் நெடுங்காலம் ஒரு நோயின் பெயராகவும் இருந்தது. அதற்கு நிகரான இலத்தீன் சொல் 'தாபேஸ்'. உருகுதல், கரைந்து மெலிதல் என்பன அதன் பொருள்கள். பொ.ஆ. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கெல்சுஸ் தம் மருத்துவ நூலின் மூன்றாம் பகுதியில் இந்நோயை மூவகைப்படுத்தி, அவற்றுள் நுரையீரலைப் புண்ணாக்கும் வகையே மிகக் கொடியது என்றார்.

தமிழில் இந்நோய்க்கு மூன்று பெயர்கள் உண்டு. எலும்புருக்கி அல்லது என்புருக்கி என்பது உடல் உள்ளிருந்தே உருகுவதைக் காட்டுகிறது; இது 'தாபேஸ்' என்பதோடு ஒரே காட்சியைப் பகிர்கிறது. இருமொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் பெறாமல், நோயாளியின் உடலைக் கண்டு அடைந்த ஒற்றுமை இது. சயம் என்பது குறைதல், தேய்தல் என்னும் பொருளுடைய வடசொல்லின் தமிழ் வடிவம். காசம் என்பது இருமலைக் குறிக்கும் வடசொல். முதலிரண்டும் உடல் மெலிவைப் பெயராக்கின; மூன்றாவது ஓர் அறிகுறியைப் பெயராக்கியது. இன்று நிலைபெற்றிருப்பது மூன்றாவதே.

1882 மார்ச் 24 அன்று இராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை அறிவித்தபின், மெலிவு நோயின் விளைவாக மட்டும் கருதப்படலாயிற்று. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், மருத்துவ இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றோரையும் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றோரையும் ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோர் குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் பெற்ற நிலையிலும் மருந்தால் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்பதை 1959இல் வெளியான அவ்வாய்வு நிறுவியது. ஏழை நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றிய பேருண்மை அது. அதன்பின் உணவு இரண்டாம் இடத்திற்குச் சென்றது.

மெலிவு மீண்டும் முன்வந்திருப்பது அண்மையில்தான். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் உடல் நிறை–உயர விகிதம், மூச்சு வேகம், குருதியின் ஆக்சிசன் அளவு, கால் வீக்கம், துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றை அளந்து இறப்பு வாய்ப்பு மிகுந்தோரை முதலில் மருத்துவமனையில் சேர்க்கின்றனர். சார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்று, நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு வழங்கியபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. மெலிவு நோயின் விளைவு மட்டுமன்று, நோய்க்கு வழியும் ஆகும் என்பது இதன் பொருள்.

எலும்புருக்கி என்னும் பெயர் இவ்வுண்மையை அறிவியல்முறையில் அறிந்திருந்தது என்று கூறுவது பொருந்தாது. ஆனால் அப்பெயரைக் கேட்பவரின் கண் நோயாளியின் உடலை நோக்கும்; காசநோய் என்னும் பெயரைக் கேட்பவரின் செவி இருமலை எதிர்பார்க்கும். நிணநீர்க் கணு, முதுகெலும்பு, மூளையுறை ஆகியவற்றைத் தாக்கும் காசநோயில் இருமல் இல்லாமலே போகலாம். இருமல் இல்லை, ஆகவே காசநோய் இல்லை என்னும் தவறான முடிவுக்குப் பெயரே இடமளிக்கிறது. நலக்கல்வி ஏடுகளில் காசநோய் என்பதன் அருகே எலும்புருக்கி என்பதையும் வழங்குவது மொழிப்பற்றின் வேண்டுகோள் அன்று. நோயை இனங்காணும் தேவை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. இலத்தீன் வேர்கள் வெற்றிடம், வீழ்ச்சி, தீர்த்தல் என்னும் காட்சிகளையும், தமிழ் வேர்கள் கடத்தல், முதிர்தல், அனுபவித்தல் என்னும் காட்சிகளையும் தாங்கி நிற்கின்றன. 'வேஸ்ட்' என்னும் சொல் நிலத்தைக் குறிக்கும்போது கழிவும் தரிசும் அதற்கு ஈடாகா; மேய்க்கால், கழுவெளி என அந்நிலத்தின் பெயரையே ஆளுதல் வேண்டும். உயிரிப்பொருளின் சிதைவுக்கு மக்குதல் என்னும் ஆக்கச்சொல் இருக்கையில் அழிவுச்சொற்களை ஆளுவது பொருளைத் திரிக்கும். வளம் தீர்வதைக் குறிக்கும் இடங்களில் நுகர்வு என்பதோடு தீர்வைக் குறிக்கும் சொல்லையும் இணைத்தல் தகும். நோய்ப்பெயரில் அறிகுறியும் உடல்மெலிவும் ஒருங்கே நினைவூட்டப்படல் வேண்டும்.

கலைச்சொல் அகராதிகள் ஒரு மூலச்சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை நிறுத்துவதோடு அமையாமல், துறைதோறும் அச்சொல் காட்டும் காட்சியையும் குறிக்க வேண்டும். தென்னார்க்காட்டு நில ஆவணங்களில் பயிலும் மேய்க்கால், மந்தைவெளி முதலிய பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்து இன்றைய நிலவகைப்பாட்டோடு ஒப்பிடுவது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையத்தக்கது. அப்பெயர்களை அறிந்த தலைமுறை முதுமையில் உள்ளது. அத்தொகுப்பைத் தள்ளிப்போடுவதற்கு இல்லை.